கழுத்துக் கறுப்பும் நாலு மணிப் பசியும்

பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் பின்கழுத்தில் கறுப்பாகப் பட்டை படிந்தால், வீட்டில் முதலில் எடுப்பது பீர்க்கங்காய் நாரைத்தான். அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கிறார்கள். பிறகு கடலை மாவு, எலுமிச்சம்பழத் தோல், கடைசியில் மருந்துக் கடைக்காரர் கொடுக்கும் க்ரீம். தோல் எரியுமே தவிர கறுப்பு போகாது. பெரியவர்களுக்கு அதோடு கழுத்திலும் அக்குளிலும் பாலுண்ணிகள் சேர்ந்துகொள்ளும். சிதம்பரத்துக்குப் பக்கத்து வைத்தீஸ்வரன்கோயிலில் தோல் குறைகளுக்காகக் குளத்தில் வெல்லம் கரைப்பதும் உப்பும் மிளகும் போடுவதும் காலங்காலமாக நடக்கிறது. நேர்த்திக்கடனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. போகிற வழியில் ரத்தத்தில் சர்க்கரையின் அளவையும் பார்த்துவிட்டால் நல்லது. பிறவி நிறம் வேறு, இது வேறு. சற்றே தடித்து, தொட்டால் வெல்வெட் துணி போல இருக்கும் இந்தக் கறுப்பு, பெரும்பாலானவர்களிடம் உடலில் இன்சுலின் மிகுந்திருப்பதன் அடையாளம். சாப்பிட்ட மாவுச்சத்தைச் சமாளிக்கக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அளவுக்கு மிஞ்சிய இன்சுலின் தோல் செல்களையும் வேகமாகப் பெருகச் செய்கிறது. அபூர்வமாக வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் காட்டுவதே சரி. எப்படியானாலும் தேய்த்துப் போக்கும் சமாச்சாரம் அல்ல இது.

கழுத்தில் தெரியும் இதே இன்சுலின் சங்கதிதான் சாயங்காலம் வேறு வேஷத்தில் வருகிறது. திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்திலும் சிதம்பரம் கீழ வீதியிலும் நாலு மணிக்குப் பஜ்ஜி சட்டியைச் சுற்றிக் கூட்டம் கூடுவதை நாக்கின் சபலம் என்றும் மனக் கட்டுப்பாடு இல்லை என்றும் சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்வது பாதிதான் உண்மை; அந்தப் பசியில் பெரும்பங்கு மதியத் தட்டில் தயாரானது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 1,070 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பார்த்தது. சர்க்கரை வெகுவாக இறங்கியவர்கள், அவ்வளவாக இறங்காதவர்களைவிட அரை மணி நேரம் முன்னதாகவே அடுத்த சாப்பாட்டைத் தேடினார்கள். ஒரு நாளில் ஏறத்தாழ 312 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஒரு மணிக்குச் சோறும் சாம்பாரும் ரசமும், ஓரத்தில் ஒரு கரண்டி பொரியலும் சாப்பிட்டவருக்கு நாலு மணி எந்த நேரம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்த நேரத்தில் கிடைப்பது மைதாவோ கடலை மாவோ எண்ணெயில் பொரித்தது, கூடவே இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ. இரவுக்குப் பரோட்டா. மறுநாள் காலை மறுபடி இட்லியிலிருந்து ஆரம்பம்.

மறுபடி தோலுக்கு வருவோம். முகப்பருவுக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்று நெடுங்காலம் மருத்துவர்களே சொல்லி வந்தார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது 1969இல் அமெரிக்காவில் 65 பேரிடம் நடந்த சாக்லேட் ஆய்வு. சாக்லேட் தின்றவர்களுக்கும் சாக்லேட் இல்லாத கட்டியைத் தின்றவர்களுக்கும் பருவில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் சாக்லேட் இல்லாத அந்தக் கட்டியிலும் சர்க்கரையும் கொழுப்பும் கிட்டத்தட்ட அதே அளவில் இருந்தன! கோகோவைத்தான் அவர்கள் விடுதலை செய்தார்கள். சர்க்கரை விசாரிக்கப்படவே இல்லை. 2007இல் ஆஸ்திரேலியாவில் 15 முதல் 25 வயது வரையிலான 43 பேரிடம் 12 வாரம் நடந்த சோதனையில், புரதத்தைக் கூட்டி, ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவைச் சாப்பிட்டவர்களுக்குப் பருக்கள் கூடுதலாகக் குறைந்தன. அவர்களுக்கு எடையும் குறைந்ததால், பலன் எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. சோதனையும் சிறியது. பருவுக்குப் பரம்பரையும் ஹார்மோனும் பெரிய காரணங்கள் என்பதும் உண்மை. ஆனாலும் இன்சுலின் கூடினால் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டும் ஹார்மோன்களும் கூடுகின்றன என்ற உடலியல் இதோடு பொருந்திப் போகிறது. சாப்பாட்டை மாற்றினால் பரு போயே தீரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சம்பந்தமே இல்லை என்று சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அப்படியானால் என்ன சாப்பிடுவது? இதற்கு அவகாடோவும் ஓட்ஸும் தேட வேண்டியதில்லை. சிதம்பரம் கொத்சுவையே எடுத்துக்கொள்வோம். கத்திரிக்காயை மசிய வேகவிட்டு, புளி கரைத்து ஊற்றி, மிளகாயும் மல்லியும் வறுத்துப் பொடித்துப் போட்டுச் செய்வது. தட்டில் நாலு இட்லிக்குச் சின்னக் கிண்ணத்தில் கொத்சு வருகிறதே, கோளாறு அந்த விகிதத்தில்தான். இட்லி இரண்டு, கொத்சு இரண்டு கிண்ணம், கூட ஒரு முட்டையோ ஒரு பிடி சுண்டலோ என்று வைத்துப் பாருங்கள்; சமையல் மாறவில்லை, தட்டு மாறிவிட்டது. சாப்பிடும் வரிசையும் ஒரு விஷயம். நியூயார்க்கில் 11 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து 2015இல் வெளியான சிறிய ஆய்வில், காயையும் புரதத்தையும் முதலில் தின்று கால் மணி நேரம் கழித்து மாவுச்சத்தைச் சாப்பிட்டபோது, ஒரு மணி நேரத்தில் பார்த்த ரத்தச் சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. பொரியலைத் தொட்டுக்கொள்ளும் பொருளாகவே நினைத்துப் பழகிய நமக்கு அதை முதலில் சாப்பிடுவது விசித்திரமாகப் படலாம், செலவு மட்டும் இல்லை. கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் இறங்கும் மத்தியும் நெத்திலியும் முள் என்ற ஒரே காரணத்துக்காகப் பல வீடுகளில் ஒதுக்கப்படுகின்றன. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் ரகம் ரகமாக வெளியிட்ட மல்லாட்டை (வேர்க்கடலை), அவித்துத் தின்றால் நாலு மணிக்குப் பஜ்ஜியைவிட எத்தனையோ மேல்.

நம் தாத்தா மூன்று வேளையும் சோறுதானே சாப்பிட்டார், அவருக்கு என்ன வந்தது என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. அவர் சேற்றில் இறங்கி நாற்று முடி தூக்கினார். அரிசி இவ்வளவு தீட்டப்படவில்லை. டீக்கு மூன்று வேளை சர்க்கரை இல்லை. இன்று நடவுக்கும் அறுப்புக்கும் எந்திரம் வந்துவிட்டது, சோற்றின் அளவு மட்டும் அப்படியே நிற்கிறது. 21 நாடுகளில் 1,30,000க்கு மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வின் முடிவு 2020இல் வெளிவந்தது. நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிடுகிறவர்களுக்கு, 150 கிராமுக்கும் குறைவாகச் சாப்பிடுகிறவர்களைவிடச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். அதிலும் தெற்காசியாவில்தான் அது மிக அதிகம். 450 கிராம் சோறு என்பது சுமார் 150 கிராம் அரிசி, ஒரே ஒரு முழுச் சாப்பாட்டில் தீர்ந்துவிடும். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. தேசிய சராசரி 11.4.

அரிசியை விட்டுச் சப்பாத்திக்கும் கம்பு, தினைக்கும் மாறிவிட்டால் போதும் என்பது இன்னொரு வாதம், இப்போது ரொம்பப் பிரபலம். மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அதே ஆய்வு வரிசையில் 2025இல் வந்த கட்டுரை இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதன் மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றுவதால் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மொத்தக் கலோரியில் ஐந்து சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து பருப்பு, பயறு, பால் வகைப் புரதத்துக்கு மாற்றியதாகக் கணக்கிட்டால் குறைகிறது. ராத்திரி ஆறு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு டயட் இருப்பதாகச் சொல்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

மிச்சமிருப்பது விலை. இதுதான் உண்மையான ஆட்சேபம், மற்றதெல்லாம் பேச்சு. பருப்பும் முட்டையும் மீனும் வாங்கக் காசு வேண்டும், அரிசி ரேஷனில் இலவசமாகக் கிடைக்கிறது. நாலு பேர் உள்ள குடும்பத்தின் அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி, 2 கிலோ சர்க்கரை, ஒரு கிலோ துவரம்பருப்பு, ஒரு லிட்டர் பாமாயில். தலைக்கும் நாளுக்கும் பிரித்தால் அரிசி 167 கிராம், சர்க்கரை 17 கிராம், பருப்பு 8 கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி ஒருவருக்கு நாளுக்கு 85 கிராம் பருப்பு, பயறு வகை வேண்டும் என்கிறது. அரசு மலிவு விலையில் தருவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் பருப்பைப் போல் இரண்டு பங்கு சர்க்கரை தருகிறது. ஏழையின் டீக்குப் போடும் சர்க்கரையில் கை வைப்பதா என்று கோபம் வரும், நியாயமான கோபம்தான். யாரிடமிருந்தும் எதையும் பிடுங்க வேண்டாம். அரிசி வேண்டாம் என்கிறவர்களுக்கு அதற்குப் பதில் கூடுதல் சர்க்கரை தரும் சர்க்கரை அட்டை தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. சர்க்கரை வேண்டாம் என்கிறவருக்கு அந்த மானியத்துக்கு ஈடாகப் பருப்போ கொண்டைக்கடலையோ தரும் அட்டைதான் இல்லை. கடலூர் மாவட்டத்தில் ஒரு வட்டத்தில் ஆறு மாதம் அப்படியொரு அட்டையைக் கொடுத்துப் பார்க்கலாம். எத்தனை பேர் மாற்றிக்கொள்கிறார்கள் என்பது ரேஷன் கடையின் விற்பனை எந்திரத்திலேயே பதிவாகிவிடும்.