திசைச்சொல்லும் நகைச்சுவையும்

இலங்கை வானொலியில் 1970களில் ஒலித்த 'கோமாளிகள் கும்மாளம்' என்னும் நகைச்சுவைத் தொடர், 1976 இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வெளிவந்தது. அதனை எழுதி நடித்த ராம்தாஸ் 'மரிக்கார் ராம்தாஸ்' ஆனார். செல்வசேகரன் 'உபாலி செல்வசேகரன்' ஆனார். ராஜகோபால் 'அப்புக்குட்டி ராஜகோபால்' ஆனார். பாத்திரப் பெயரே நடிகர்க்கு அடைமொழியாய் நிலைத்தது. காரணம் யாது? முஸ்லிம் மக்கள் பேச்சு, சிங்களவர் வாய்த்தமிழ், யாழ்ப்பாண வழக்கு ஆகியவற்றை அவர்கள் செவியாற் கற்று, ஒன்றையொன்று தாழ்த்தாது ஓரரங்கில் நிறுத்தினர்.

திசைச்சொல்லைத் தொல்காப்பியரும் செய்யுட்கு விலக்கினாரல்லர். பதுளை, பசறை, பண்டாரவளைத் தோட்டங்களில் வழங்கும் தமிழோ இன்றும் சிலர்க்குக் கேலிப்பொருளாய் உள்ளது. அதனாலேயே நம் மாணவர் சிலர் நகரஞ் சென்றால் வாய்திறக்க நாணுகின்றனர். ஊவாப் பள்ளி மேடைகளில் கொழுந்தெடுக்கும் தாய் தன் சொந்த மொழியிலேயே பேசட்டும். இலக்கணங் கற்பிக்கும் ஆசிரியரே அதற்கு முதலில் இடமளித்தல் வேண்டும்.