ஆவுளியாவைக் காப்பவர் யார்?

பாக் விரிகுடாக் கரையோர மீனவர் கடற்பசுவை ‘ஆவுளியா’ என அழைப்பர். இச்சொல்லை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? ஆழங்குறைந்த கடலில் வளரும் கடற்புல்லே அதன் உணவு. செவுளற்ற பாலூட்டியாதலின் மூச்செடுக்க அது நீர்மட்டத்திற்கு வந்தாக வேண்டும். வலையிற் சிக்கின் மேலெழ இயலாது மூச்சடைத்து மாளும். ஓராண்டுக்கு மேல் சுமந்து பெரும்பாலும் ஒரே கன்றை ஈனும். அடுத்த ஈற்றுக்குப் பல ஆண்டுகள் ஆகும். ஒன்று மடிந்தாலும் ஈடுசெய்தல் எளிதன்று.

2022ஆம் ஆண்டு தமிழக அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பினைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாம் வரவேற்கிறோம். ஆயினும், கடலுக்கு வேலியிட வல்லார் யார்? வலையை அறுத்து ஆவுளியாவை விடுவிக்கும் மீனவரே மெய்க்காவலர். அவர்க்குப் பாராட்டும் பரிசும் வழங்கப்படுகின்றன, நன்று. (பொன்னாடை கொண்டு மீன்பிடிக்க இயலாது என்பதையும் நினைவிற் கொள்க.) அறுந்த வலையின் முழுவிலையும் காலந்தாழ்த்தாது அவர் கைக்குச் சேர்தல் வேண்டும். கடலடியை வாரிச்செல்லும் இழுவை மடி புல்லை வேரோடு பெயர்க்கிறது. கரையோரத்தில் விசைப்படகு மீன்பிடிப்பைத் தடுக்க 1983ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. அதனைத் தயக்கமின்றிச் செயற்படுத்துமாறு அரசைக் கேட்கிறோம்.