சர்வகலாசாலையில் கேள்விக்கு இடமில்லையா?

இன்று உலகத்திலுள்ள பெரிய சர்வகலாசாலைகளில் தற்காலச் சீனாவைப் பற்றி உபந்நியாசங்கள் நடைபெறுகின்றன. அதன் வியாபாரம் என்ன, ராணுவம் என்ன, கட்சி ஆட்சி எப்படி நடக்கின்றது என்றெல்லாம் ஆராய்கின்றார்கள். இவை வேண்டியவைதான். ஆனால் நாம் கேட்பது வேறு. சீனாவின் சர்வகலாசாலையிலேயே ஒரு வாலிபன் எழுந்து நின்று தன் நாட்டு ஆட்சியைப் பற்றிக் கேள்வி கேட்க முடிகின்றதா என்பதே அது.

கேட்க முடிந்த காலமும் உண்டு. 1917-ல் பீக்கிங் சர்வகலாசாலைக்குத் தலைவராக வந்த சாய் யுவான்பெய், எந்தக் கொள்கையுடையவராயினும் கற்றவராயிருந்தால் அவருக்கு இடமளித்தார். முடியாட்சியே வேண்டுமென்று பின்னல் சடையோடு இருந்த கூ ஹோங்மிங்கும் அங்கு ஆசிரியர். பழமையை அடியோடு ஒழிக்க வேண்டுமென்று எழுதிய சென் தூசியூவும் அங்கு ஆசிரியர். எது சரி என்பதை மாணவர்களின் புத்திக்கே விட்டார்கள். அமெரிக்க அறிஞர் ஜான் டூயி 1919 முதல் 1921 வரை சீனாவில் தங்கிப் பிரசங்கம் செய்தார். 1920-ல் பெர்ட்ரண்டு ரஸ்ஸலும் வந்து பேசினார். அவ்வருஷமே பெண்களும் அச்சர்வகலாசாலையில் சேர்க்கப்பட்டார்கள்.

வெறும் பேச்சால் என்ன விளைந்தது என்பீர்களா? 1919 மே 4-ந் தேதி சுமார் 3,000 மாணவர்கள் தியானன்மென் வாயிலில் கூடி, ஷாண்டுங் மாகாணத்தில் ஜெர்மனிக்கிருந்த உரிமைகளை ஜப்பானுக்குக் கொடுத்த வெர்செயில்ஸ் முடிவை எதிர்த்தார்கள். கிளர்ச்சி நாடெங்கும் பரவிற்று. சீனப் பிரதிநிதிகள் அவ்வுடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 1921-ல் தோன்றிய கம்யூனிஸ்ட் கட்சியின் மூலபுருஷர்கள் மேற்படி சென் தூசியூவும், அச்சர்வகலாசாலைப் புத்தகசாலைத் தலைவர் லீ தாசாவுமே. மாவோவும் அப்புத்தகசாலையில் சொற்பச் சம்பளத்திற்கு வேலை பார்த்தவர்தான்.

ஆகவே இன்று அங்கு ஆளும் கட்சி, தடையற்ற பேச்சு பெற்ற பிள்ளை. அப்பிள்ளை தாயை நடத்திய விதம் என்ன? 1957-ல் குறைகளைத் தாராளமாகச் சொல்லுங்கள் என்று அழைத்துவிட்டு, சொன்னவர்களில் லட்சக்கணக்கானவர்களை வலதுசாரிகள் என்று முத்திரை குத்தித் தண்டித்தது. 1989 ஜூனில் பீக்கிங்கில் கூடியிருந்த மாணவர்கள், ஜனங்கள் மீது ராணுவத்தை ஏவிற்று. 2018-ல் மார்க்ஸைப் படித்து, ஷென்சென் நகரத்தில் சங்கம் அமைக்க முயன்ற தொழிலாளர்களுக்குத் துணை நின்ற மாணவர்களைப் பிடித்து அடைத்தது. 2019-ல் ஷாங்காய் ஃபூடான் சர்வகலாசாலையின் விதிகளிலிருந்து "சிந்தனைச் சுதந்திரம்" என்ற சொல் எடுக்கப்பட்டது; அச்சொல் வரும் கல்லூரிப் பாட்டைச் சில மாணவர்கள் சாப்பாட்டுக் கூடத்தில் கூடிப் பாடினார்கள். இவ்வளவும் செய்துவிட்டு மே 4-ஐ இளைஞர் தினமென்றும் கொண்டாடுகின்றார்கள்!

"ரயில் விட்டார்கள், வறுமையைக் குறைத்தார்கள், இனிப் பேச்செதற்கு?" என்று சிலர் சொல்லலாம். வறுமை குறைந்தது மெய்தான். ஆனால் 1957-ல் வாயடைத்த பின் நடந்ததென்ன? விளையாத தானியத்தை விளைந்ததாக அதிகாரிகள் கணக்கெழுதினார்கள். பொய்யென்று சொல்ல ஆளில்லை. 1959 முதல் 1961 வரை கோடிக்கணக்கான ஜனங்கள் பட்டினியால் மாண்டார்கள். கேள்வி கேட்கும் உரிமை படித்தவர்களின் பொழுதுபோக்கல்ல, ஏழையின் சோறு என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

புராணப் பிரசங்கத்தில்தான் கேட்பவன் வாய் திறக்கக்கூடாது. சர்வகலாசாலையிலுமா?