பால்மரத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த வேதியியல் வேண்டும்

மலாக்காவில் டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். வணிக நோக்கில் மலாயாவில் எழுந்த முதல் ரப்பர் தோட்டம் அது. அடுத்து புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் உருவானது. செலண்டாரும் அசகானும் இருக்கும் ஜாசின் மாவட்டத்தில் பல தலைமுறைத் தமிழர்கள் பால் வெட்டினார்கள்.

அவர்கள் கட்டிப்பாலாகவும் ஒட்டுப்பாலாகவும் சேர்த்துக் கொடுத்த பச்சை ரப்பர் சூட்டில் இளகிப் பிசுபிசுக்கும். 1839இல் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சூடாக்கியபோது நிலைமை மாறியது. நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே கந்தகம் பாலம் போட்டது. ஒன்றையொன்று வழுக்கிச் செல்ல முடியாமல் சங்கிலிகள் கட்டுண்டன. ஆனால் கந்தக அணுக்கள் வரிசையாக நிற்கும் நீண்ட பாலம் சூட்டில் அறுந்துவிடும். கந்தகத்தைக் குறைத்து, வினையை விரைவாக்கும் முடுக்கியைக் கூட்டினால் பாலம் குட்டையாகும், வெப்பத்தை அதிகம் தாங்கும்.

சிலிக்கோன் பிசினிலும் இதே சிந்தனைதான். அதன் முதுகெலும்பு சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறி வரும் பிணைப்பு. கரிமப் பிணைப்பைவிட வலுவானது. ஆனாலும் கட்டற்ற சங்கிலி கடுஞ்சூட்டில் தன்னையே மடித்துச் சிறு வளையங்களாக அறுந்து ஆவியாகிவிடும். மூன்று நான்கு கைகள் கொண்ட சிலிக்கான் அலகுகளைச் சேர்த்து, 200 டிகிரி செல்சியஸை ஒட்டி இறுக வைத்தால், நீர் வெளியேறிச் சங்கிலிகளுக்கு நடுவே பாலமாகும் குறுக்குப் பிணைப்புகள் பெருகும். அலுமினியத் தூள் கலந்த இத்தகைய பூச்சுகள் புகைபோக்கிகளையும் வெளியேற்றுக் குழாய்களையும் காக்கின்றன. பிணைப்பு மிதமிஞ்சினால் பூச்சு நொறுங்கும். பீனைல் தொகுதிகளைச் சேர்த்து அந்த நொறுங்கும் தன்மையைச் சரிசெய்வதில்தான் வேதியியலாளரின் கைத்திறன் தெரியும்.

இதெல்லாம் வெகுதூரத்து விஷயமல்ல. மலாக்காவின் பத்து பெரெண்டாமில் இன்ஃபினியன் குறைக்கடத்தி ஆலை இயங்குகிறது. சில்லுகளைப் பொதுவாக மூடும் கறுப்பு எபாக்சியும் சுமார் 175 டிகிரியில் குறுக்குப் பிணைப்பால் இறுகுவதே. ஈயமற்ற பற்றவைப்பில் ஏறக்குறைய 260 டிகிரியை அது தாங்கியாக வேண்டும்.

தோட்டங்களைவிட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இத்தகைய ஆலைகளில் இயந்திரம் இயக்குபவர்களாக மட்டும் நின்றுவிடக் கூடாது. கலவையைத் தீர்மானிக்கும் ஆய்வுக்கூடத்திலும் அவர்கள் இருக்க வேண்டும். அறிவியல் பிரிவில் அறுபது விழுக்காட்டு மாணவர் என்ற தேசிய இலக்கு பல பத்தாண்டுகளாக எட்டப்படவில்லை. ஐந்தாம் படிவ வேதியியல் பாடத்தில் இயற்கை ரப்பரும் கந்தக முறையும் ஏற்கெனவே உள்ளன. செலண்டார் வட்டாரத்துப் பெற்றோர் நான்காம் படிவத்தில் வேதியியலைக் கைவிட விடாமல் பிள்ளைகளைத் தாங்கட்டும். மலாக்கா ஆலைகளும் தங்கள் சோதனைக்கூடங்களை ஆண்டுக்கொரு முறையாவது இந்த மாணவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். பால் வெட்டிய தாத்தா பாட்டிகளை வகுப்புக்கு அழைத்து, அமிலம் ஊற்றிப் பாலை உறைய வைத்த கதையைச் சொல்லச் செய்தால் பாடம் அங்கிருந்தே தொடங்கும்.