தோன்றா எழுவாய்

சிதம்பரத்தைப் பற்றி எந்த ஊர்க் குறிப்பை எடுத்தாலும் வரிசை மாறாது. முதலில் பொற்கூரை, நடராசர், தேர். அடுத்து 1929இல் வந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அப்புறம் பிச்சாவரத்தில் படகு சவாரி. கடைசியாக ஒரு வரி: வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், வீராணம் ஏரிப் பாசனம், சுற்றிலும் நெல் விளைகிறது.

விளைகிறது. தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும், இது தன்வினை. நெல் தானே முளைத்து, தானே கதிர் விட்டு, தானே மூட்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். யாரு அண்டை வெட்டினா, யாரு நாத்து பறிச்சா, யாரு இடுப்பொடிய நட்டா, யாரு களத்துல நின்னு தூத்துனா? கேட்கக்கூடாது. விளைவித்தவர்கள் என்று எழுதினால் அடுத்த கேள்வி வந்துவிடும்: விளைவித்தவர்களுக்கு நிலம் எங்கே? கோயிலுக்குள் விடாதது பழைய கதை என்கிறார்கள். இன்றும் வாக்கியத்துக்குள் விடுவதில்லை.

இந்தத் தந்திரம் நேற்று வந்ததில்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய நந்தன், ஆதனூர்ப் புலைப்பாடியிலிருந்து கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தவன். அங்கே பண்ணை வேதியர் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதிதான் வேதியரைக் கொண்டுவந்து நிறுத்தி நந்தனைப் பண்ணையாளாக்கினார். ஒருவகையில் அது உள்ளதைச் சொல்லிவிட்டது: சாமி பார்க்கவும் ஆண்டையிடம் உத்தரவு வாங்கணும். ஆனால் வயல் வேலையை முடித்துவிட்டுப் போ என்று ஆண்டை சொன்னதும் என்ன நடக்கிறது? ஒரே ராத்திரியில் பூதகணங்கள் வந்து எல்லாவற்றையும் முடித்துவிடுகின்றன. எப்படி இருக்கு கதை! சேரியே சேற்றில் நின்று செய்த வேலை பூதத்தின் கணக்கில் ஏறிவிட்டது. முதலில் நந்தனின் உழைப்பு போனது, பிறகு உடம்பு தீயில் போனது. ஊர்க் குறிப்பு எழுதுகிறவர் அந்தக் கதையின் வாரிசு. பூதங்களை மட்டும் எடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

எழுத்தில் விட்டுப்போனால் குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். முழுகியிருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கடலோரத்தில் படகுக்கும் வலைக்கும் கணக்கெடுத்தார்கள். படகும் இல்லாத, பட்டாவும் இல்லாத தலித் கூலிகள் இழந்ததற்குப் பல இடங்களில் கணக்கே இல்லை. வெள்ளத்தில் பயிர் அழுகினால் நிவாரணம் நிலத்துக்காரருக்கு. அழுகிய பயிரில் நடவுக்கும் களைக்கும் குனிந்தவளுக்கு அடுத்த மாதக் கூலி போனதை யார் எழுதுவது? அறுப்பு மெஷின் வயலில் இறங்கியபோது எத்தனை மூட்டை என்று எண்ணினார்கள். அரிவாளோடு வரப்பில் நின்ற பெண்களை எண்ணவில்லை. ஓட்டுக்கு மட்டும் எங்களை எண்ணத் தெரிகிறது. சிதம்பரம் நாடாளுமன்றத் தனித்தொகுதியாயிற்றே!

இதே மண்ணில் எழுவாயாக நின்றவர்கள் உண்டு. சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தன் பெயரிலேயே சிதம்பரத்தில் பள்ளி தொடங்கினார். தீயில் போனவன் பெயரால் பிள்ளைகள் கையில் சிலேட்டு வந்தது. காட்டுமன்னார்கோயில் இளையபெருமாள் தலைமையில் 1965இல் அமைந்த குழு, 1969இல் தந்த அறிக்கையில், இந்தியா முழுவதும் தீண்டாமை நடக்கும் விதத்தை அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே எழுதிக் காட்டியது. ஊர்க் குறிப்பில் இவர்களுக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம்.

மாணவத் தோழர்களே, நம் ஊர்களின் குறிப்பை இனி நாமே எழுதுவோம். சேரியிலிருந்து தொடங்கி, வயல் வழியாக நடந்து, கோபுரத்துக்குக் கடைசியில் வருவோம். நிலம் யார் பேரில் இருக்கிறது, கூலி எவ்வளவு, சுடுகாட்டுக்குப் பாதை உண்டா, எல்லாம் அதில் இருக்கட்டும். விளைகிறது என்ற சொல்லை அடித்துவிட்டு எழுதிப் பாருங்கள்: நட்டோம், களையெடுத்தோம், அறுத்தோம், தூற்றினோம். எழுவாய் எழுதாமலே தெரிகிறதா? இலக்கணத்தில் அதற்குத் தோன்றா எழுவாய் என்று பேர். தோன்றாமல் இருந்தது போதும்.