காலி செய்யப்பட்ட மலை

இரண்டு பெண்கள். கையில் துப்பாக்கி, இடுப்பில் கயிறு, ஓட்டுவதற்கு ஒரு ஜீப். காப்பாற்ற ஓர் ஆண் வருவான் என்று காத்திருக்காமல் அவர்களே ஏறுகிறார்கள், தாவுகிறார்கள், சுடுகிறார்கள். 2017 ஆகஸ்டில் வெளிவந்த 'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகஸி' என்ற வீடியோ கேமைப் பெண்களின் வெற்றி என்று பலரும் கொண்டாடியதற்கு இதுதான் காரணம். அந்தக் கொண்டாட்டத்தில் சேர எனக்கு மனமில்லை. அந்த இருவரும் ஓடி விளையாடுவது மேற்குத் தொடர்ச்சி மலையில். அதன் கிழக்குக் கிளையான பழனி மலையில், கொடைக்கானலில் வாழ்கிறவள் நான். அவர்களுடைய மலையில் என்னைப் போன்ற ஒருத்திகூட இல்லை.

கேம் பழக்கமில்லாத தோழிகளுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவின் நாட்டி டாக் நிறுவனம் சோனியின் ப்ளேஸ்டேஷனுக்காக 2007இல் தொடங்கிய வரிசை இது. நேதன் டிரேக் என்ற புதையல் வேட்டைக்காரன்தான் நாயகன். 2016இல் நான்காவது பாகத்தோடு அவன் கதை முடிந்தது. அடுத்த ஆண்டே அதன் தொடர்ச்சியாக இந்தக் கேம் வந்தது. 2022 அக்டோபர் முதல் கணினியிலும் ஆடலாம். 2009இல் வந்த இரண்டாம் பாகத்தில் நாயகனின் முன்னாள் காதலியாக அறிமுகமான க்ளோயி ஃப்ரேசர்தான் இதில் தலைமைப் பாத்திரம். இந்தியத் தந்தைக்குப் பிறந்தவள். அவளோடு வருபவள் நதீன் ராஸ், தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பெண், கூலிப்படை நடத்தியவள். விநாயகரின் உடைந்த தந்தத்தைத் தேடி இருவரும் மலைக்குள் போகிறார்கள். அசாவ் என்ற கிளர்ச்சித் தலைவனின் படை குறுக்கே நிற்கிறது.

ஆடிப் பார்த்தேன். கை வியர்க்க ஆடினேன். இரண்டு பெண்கள் தங்கள் வேலையைப் பற்றி, திறமையைப் பற்றி, நம்பிக்கையைப் பற்றி மணிக்கணக்கில் பேசிக்கொண்டே போவது இந்த வகைக் கேம்களில் அரிது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கதாபாத்திரம் ஒரு கேமின் பாதிதான். மற்றப் பாதி தரை. கேமின் மொழியில் அதற்கு லெவல் என்று பெயர். நம் விமர்சனம் எப்போதும் கதாபாத்திரத்தோடு நின்றுவிடுகிறது. அவள் உடை எப்படி, மார்பு எவ்வளவு பெரிது, அவள் யாரைச் சார்ந்திருக்கிறாள் என்று கேட்கிறோம். அவள் எந்தத் தரையில் நிற்கிறாள், அங்கே முன்பு யார் நின்றார்கள் என்று கேட்பதில்லை.

லெவலில் தானாக முளைத்தது எதுவும் கிடையாது. ஒவ்வொரு கல்லையும் ஒருவர் முடிவு செய்து வைத்திருக்கிறார். இடுப்பளவு மதில் இருந்தால் குண்டுக்கு மறைந்துகொள்வதற்கு. உயரமான புல் இருந்தால் பதுங்கியிருந்து, அருகில் வருகிறவனை ஓசையில்லாமல் முடிப்பதற்கு. பாறை விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தால் கையால் பற்றித் தொங்குவதற்கு. இருப்பதெல்லாம் முடிவு என்றால், இல்லாததும் முடிவுதான்.

இந்தக் கேமின் நான்காம் அத்தியாயத்துக்குப் பெயரே 'மேற்குத் தொடர்ச்சி மலை'. அந்த நிறுவனம் அதுவரை உருவாக்கிய லெவல்களிலேயே பெரியது. ஜீப்பில் எந்தப் பக்கமும் போகலாம். மூன்று கோட்டைகளை நமக்குப் பிடித்த வரிசையில் திறக்கலாம். அருவி, சேற்றுச் சரிவு, இடிந்த கோபுரம், எல்லாம் கண்ணைப் பறிக்கும் அழகு. அத்தனை பெரிய நிலத்தில் அடுப்புப் புகை எழும் கூரை ஒன்று இல்லை. கொடியில் காயும் சேலை இல்லை. விறகுக் கட்டோடு இறங்கிவரும் பெண் இல்லை. நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை இல்லை. அசைகிற மனிதன் எவனானாலும் ஆயுதம் ஏந்திய ஆண், கொல்லப்பட வேண்டியவன். தொடக்கத்தில் நகரத்துச் சந்தையில் மீனு என்ற சிறுமி வருகிறாள், பேசுகிறாள். மலை ஏறியபின் அப்படிப் பேச ஒருவரும் இல்லை. ஆனால் யானை உண்டு. இடிபாட்டில் சிக்கிய யானையை இருவரும் காப்பாற்றுகிறார்கள், அதன்மேல் ஏறிப் போகிறார்கள். அந்த மலையில் யானைக்குக் கிடைத்த இடம் மலைக்காரிக்குக் கிடைக்கவில்லை.

"கதையில் உள்நாட்டுக் கலவரம் நடக்கிறது, சனங்கள் ஓடிப்போயிருப்பார்கள்" என்று பதில் வரும். கலவரத்தைக் கதையில் எழுதியதும் அவர்கள்தானே? உண்மையான காரணம் வேறு: வேகம். துப்பாக்கிச் சண்டை தடையில்லாமல் ஓட வேண்டும் என்றால், விரல் தயங்க வேண்டிய முகம் எதுவும் எதிரே வரக்கூடாது. அந்த உயரமான புல்லுக்குள் ஒரு பெண் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? ஆடுகிறவர் நிற்க வேண்டும், பார்க்க வேண்டும், யோசிக்க வேண்டும். வேகம் போய்விடும். ஆகவே அவளை எடுத்துவிடுகிறார்கள். வன்முறை வழுக்கிக்கொண்டு போக, நிலத்தை முதலில் துடைக்க வேண்டியிருக்கிறது. சுடும் கை பெண்ணுடையது என்பதால் துடைக்கப்பட்டவள் திரும்பி வந்துவிடுவதில்லை.

மலையைக் காலி என்று பார்க்கும் கண் கலிஃபோர்னியாவில் நேற்றுப் பிறந்ததில்லை. கொடைக்கானலுக்கு அந்தக் கண் பழக்கம். 1845இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் சமவெளி வெயிலுக்குத் தப்பி இங்கே பங்களா கட்டினார்கள். 1863இல் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி ஓடையைத் தேக்கி ஏரி உண்டாக்கினார். 1872இல் கோக்கர் நடைபாதை வந்தது. எந்த இடத்தில் நின்றால் எந்தப் பள்ளத்தாக்கு தெரியும் என்று கணக்குப் போட்டு வைத்த மலை இது. இதுவும் ஒரு லெவல்தான். அதற்கு முன்பே இங்கே பளியர்கள் இருந்தார்கள். தாண்டிக்குடியில் இருக்கும் கல்திட்டைகள் அவற்றை எழுப்பிய கைகளின் சாட்சி. ஆனாலும் வழிகாட்டிக் கையேடுகளில் கொடைக்கானலின் வரலாறு வெள்ளைக்காரர் 'கண்டுபிடித்த' நாளில்தான் தொடங்குகிறது. அவர்களைத் தூளியிலும் நாற்காலியிலும் சுமந்து மலையேற்றிய தோள்களுக்கு அங்கே பெயர் இல்லை.

பெயர் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. வெள்ளைக்காரர்கள் 'பிசாசின் சமையலறை' என்று பெயரிட்ட குகை, 1991இல் வந்த 'குணா' படத்துக்குப் பிறகு குணா குகை ஆனது. ஒரு பெண்ணைக் கடத்திக் கொண்டுபோய் மலையில் வைத்திருக்கும் ஆணின் கதை அது. கடத்தியவன் பெயர் வரைபடத்தில் ஏறிவிட்டது. கடத்தப்பட்டவள் பெயரில் ஒரு புதர்கூடக் கிடையாது. 'அன்சார்ட்டட்' என்றால் வரைபடத்தில் குறிக்கப்படாதது என்று பொருள். யாருடைய வரைபடத்தில் என்று கேட்க வேண்டியவர்கள் நாம்.

கேமில் வரும் இடிபாடுகள் ஹொய்சாளர் கட்டியவை என்று சொல்லப்படுகிறது. பேலூர், ஹளேபீடு பெயர்கள் வருகின்றன. உண்மையான பேலூருக்குப் போனவர்களுக்குத் தெரியும்: அந்தக் கோயிலின் பெருமை உயரத்தில் இல்லை. கூரைவிளிம்புக்குக் கீழே நிற்கும் மதனிகைகளில் இருக்கிறது. கண்ணாடி பார்ப்பவள், கிளியோடு நிற்பவள், ஆடுகிறவள், வேட்டைக்குப் புறப்பட்டவள் என்று கல்லில் நின்ற பெண்கள். கேம் அவர்களை விட்டுவிட்டு, மலை உயரத்துக்கு ஆண் தெய்வங்களை நிறுத்துகிறது. ஏறித் தாவப் பெரிய உடல் வேண்டும் அல்லவா? பரசுராமனின் கோடரி பட்டு விநாயகரின் தந்தம் உடைந்த கதையையும் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பரசுராமன் தந்தை சொல் கேட்டுத் தாய் ரேணுகையின் தலையை வெட்டியவன். நம் ஊர்களில் அந்தத் தலை ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணின் உடலோடு சேர்ந்து மாரியம்மன் ஆனது என்று கதை சொல்வார்கள். இரண்டு பெண்கள் நாயகிகளாக இருக்கும் கேமுக்கு இதைவிடப் பொருத்தமான கதை உண்டா? கோடரியை எடுத்துக்கொண்டவர்கள் ரேணுகையை எடுத்துக்கொள்ளவில்லை.

இனி ஏற்றம். க்ளோயி செங்குத்துப் பாறையில் விரல் நுனியால் தொங்கும்போது நமக்குச் சிலிர்க்கிறது. கொடைக்கானலுக்குக் கீழே வெள்ளகெவி என்ற ஊர் இருக்கிறது. நெடுங்காலம் சாலை இல்லாமல், நோயாளிகளையும் பிரசவ வலி கண்ட பெண்களையும் டோலி கட்டித் தூக்கிவந்த ஊர். அந்தச் சரிவில் கால் வழுக்கினால் முந்தைய இடத்திலிருந்து மறுபடி தொடங்க முடியாது. பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பூண்டுக்காட்டில் குனிந்து நிற்கும் பெண்களுக்கு அந்த இடுப்பளவு மதில், மண் சரியாமல் காக்கும் வரப்புக் கல். சரிந்தால் அடுக்கி வைக்க வேண்டிய கல். ஒரே கல்தான். மறைந்து சுடுகிறவளுக்கு அதைத் தெரியும், அடுக்கியவளைத் தெரியாது.

எங்கள் மலையின் வன்முறை வேகமானதும் அல்ல. ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் பாதரச வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டது. பெயர் மாறிய அதே நிறுவனத்துக்கும் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் உடன்பாடு ஏற்பட்டது 2016இல். பதினைந்து ஆண்டுகள். பாதரசத்துக்கு ஓசை இல்லை, ரத்தம் தெறிப்பதில்லை. குண்டடி பட்டவன் மூன்று நொடியில் விழுந்துவிடும் லெவலில் இப்படிப்பட்ட வன்முறையைக் காட்ட வழியே இல்லை. வன்முறை என்றால் துப்பாக்கி என்று மட்டும் பழகிய கண்ணுக்கு, பெண்களின் உடம்பில் மெல்ல நடப்பது எதுவும் வன்முறையாகப் படாது. எனக்குக் கேமில் தெறிக்கும் ரத்தத்தைவிட இந்தப் பழக்கம்தான் பயமாக இருக்கிறது.

"அப்படியானால் உங்களுக்கு 'வெண்பா' போன்ற கேம்தான் வேண்டும்" என்று ஒரு மாணவி சொன்னாள். 2023இல் டொராண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்டது. கனடாவுக்குப் போன தமிழ்ப் பெண், கிழிந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பைப் பார்த்து இட்லி சுடுகிறாள். நேர்மையான, மனசைத் தொடும் கேம். ஆனால் துப்பாக்கியா, இட்லிச் சட்டியா என்று இரண்டை மட்டும் நீட்டி எடுத்துக்கொள் என்றால், இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு மலையைக் கேட்பேன்.

மலையில் பெண்ணை வைப்பது நமக்குப் புதிதும் இல்லை. பழனி முருகனைக் கும்பிடுகிற எந்த வீட்டிலும் வள்ளியைத் தெரியும். தினைப்புனத்துப் பரண்மேல் நிற்கிறாள். கையில் கவண். உயரமான இடமும் ஆயுதமும் அவளிடம்தான் இருக்கின்றன. கீழே இருப்பது அவள் காக்கும் விளைச்சல். குறி பார்ப்பது கிளியை ஓட்ட. குறிஞ்சி நிலத்தில் பெண் வழிப்போக்கி அல்ல, காவல்காரி. புதையல் தேடி வந்தவளுக்கும் புனம் காக்கிறவளுக்கும் மலை ஒன்றாகத் தெரியாது.

இதை முக்கியமாக மாணவிகளுக்குச் சொல்கிறேன். வெளிநாட்டுக் கேம்களுக்கு மரமும் பாறையும் ஆயுதமும் செய்து கொடுக்கும் கூடங்கள் பெங்களூரிலும் ஹைதராபாதிலும் இருக்கின்றன. அனிமேஷன் படித்துவிட்டு உங்களில் சிலர் அங்கே போய் உட்காரப் போகிறீர்கள். ஒரு நாள் உங்களிடம் ஒரு மலை வரும். நாயகி பெண்தான், பெருமைப்படு என்று சொல்வார்கள். அப்போது கேளுங்கள்: இந்தப் பாதையைத் தேய்த்தது யார் கால்? இந்தப் புல்லை அறுப்பது யார்? தண்ணீர் எடுக்க அவள் எங்கே போவாள்? துப்பாக்கிச் சத்தம் கேட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்தப் பாறைக்குப் பின்னால் ஓடுவாள்? ஆட்டத்தின் வேகம் குறையும் என்பார்கள். குறையட்டும். யாரோ ஒருத்தி எதிரே வருகிறாள் என்றால் வேகத்தைக் குறைப்பதுதான் மலைப்பாதையின் முதல் விதி.