கோதைநாயகி அம்மாளுக்கு உரிய இடம்
ஐந்து வயதில் விவாகமாகி, எழுதப் பழகியிராத வை.மு. கோதைநாயகி அம்மாள், ‘இந்திர மோகனா’ என்ற தம் முதல் நாடகத்தை வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல, சிநேகிதி ஒருவர் அருகிலமர்ந்து எழுதிக்கொண்டார் என்பதும், பின்பு அதே அம்மாள் 1925-இல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை ஏற்றுத் தாமே நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார் என்பதும் நம் இலக்கிய சரித்திரக்காரர்கள் அறியாத சங்கதிகள் அல்ல. அறிந்தும், அவரை ஒற்றை வாக்கியத்தில் கடந்துபோவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. நடையில் குறை காணட்டும், அது விமர்சகனின் உரிமை. ஆயினும், சுதந்திரப் போராட்டத்தில் சிறை புகுந்த ஒரு ஸ்திரீ, பெண்களின் இன்னல்களைக் கதையாக்கி, அடுப்பங்கரையை விட்டு அசைய முடியாத வாசகிகளின் கைகளில் மாதந்தோறும் சேர்ப்பித்த காரியத்தை, கலை நயம் என்ற ஒரே தராசில் நிறுத்துத் தள்ளுவது எனக்குச் சற்றும் சம்மதமில்லை.